ஹலோ மேரி லூ: ப்ராம் நைட் 2 – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1987-ல் வந்த இந்தக் கனடியப் பேய்ப்படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அதே பத்துப் பதினைந்து சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டுவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் பாஷையிலேயே இருக்கின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் கதையின் முடிவு வரை பேச வேண்டியிருக்கிறது. படம் பார்க்காதவர்கள் எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

இது என்ன படம்? சுருக்கமா சொல்லுங்க, பார்க்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கிறேன்.

1957-ல் ஹாமில்டன் உயர்நிலைப் பள்ளியின் நடன விழாவில், ராணியாக முடிசூடப்போகும் நொடியில் மேரி லூ மலோனி என்ற பெண் மேடையிலேயே எரிந்து சாகிறாள். முப்பது வருஷம் கழித்து அதே பள்ளியில் படிக்கும் விக்கி என்ற அப்பாவிப் பெண்ணுக்குள் புகுந்து, அன்று தலைக்கு வராமல் போன கிரீடத்தை வாங்கிக்கொள்ள வருகிறாள். இயக்கம் புரூஸ் பிட்மன், எழுத்து ரான் ஆலிவர்.

என்னைக் கேட்டால், கட்டாயம் பாருங்கள். ஆனால் ‘மறைந்து கிடக்கும் மாஸ்டர்பீஸ்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில நடிகர்கள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள், நடுவில் சில காட்சிகள் இழுவை. ஆனால் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாத படம். எண்பதுகளின் பள்ளிக்கூடத் திகில் படங்களில் அப்படிச் சொல்லத்தக்கவை ரொம்பக் குறைவு.

ப்ராம்னா என்ன? ஒரு டான்ஸுக்கு எதுக்கு இவ்ளோ அலட்டிக்கிறாங்க?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் நடக்கும் நடன விழா அது. பையன்கள் கோட்டு சூட்டு, பெண்கள் நீண்ட கவுன். ஜோடி ஜோடியாக வருவார்கள். மாணவர்களே ஓட்டுப் போட்டு ஒரு ராஜாவையும் ராணியையும் தேர்ந்தெடுத்து மேடையேற்றிக் கிரீடம் சூட்டுவார்கள். நம் பள்ளிகளில் ஆண்டு விழாவில் மேடையேறிப் பரிசு வாங்குவதற்கு எவ்வளவு மவுசோ, அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். யாரோடு வந்தாய், என்ன உடுத்தினாய், யார் உன்னைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் அன்றைக்கு ஊரறிய முடிவாகும்.

திகில் பட இயக்குநர்களுக்கு இது அல்வா மாதிரி. மொத்தப் பள்ளியும் ஒரே கூடத்தில் இருக்கும். எல்லார் கண்ணும் ஒரு மேடை மேல் இருக்கும். அந்த மேடையில் நிற்பவள் அன்றைக்குத்தான் வாழ்க்கையிலேயே ரொம்பச் சந்தோஷமாக இருப்பாள். படத்தில் ஓட்டெடுப்பும் முக்கியம். முடிவைத் திருட்டுத்தனமாக மாற்றப் பார்ப்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்பது தனிக் கிளைக்கதை.

முதல் பாகம் பார்க்காம இதைப் பார்த்தா புரியுமா?

தாராளமாகப் புரியும். முதல் ‘ப்ராம் நைட்’ 1980-ல் வந்தது. பால் லின்ச் இயக்கம், ஜேமி லீ கர்ட்டிஸும் லெஸ்லி நீல்சனும் நடித்தது. சின்ன வயதில் ஒரு சிறுமியின் சாவுக்குக் காரணமான நான்கு பேரை, ஆறு வருஷம் கழித்து முகமூடிக்காரன் ஒருவன் பழிவாங்கும் கதை. அதில் பேயும் இல்லை, ஆவியும் இல்லை. எல்லாம் மனிதக் கைவரிசை.

இரண்டுக்கும் பொதுவானவை பள்ளியின் பெயரும், நடன விழாவும், தயாரிப்பாளர் பீட்டர் சிம்ப்சனும்தான். இசையமைப்பாளர் பால் ஸாஸாவையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் பாகத்துப் பாத்திரம் ஒன்றுகூட இதில் தலைகாட்டவில்லை.

அப்புறம் எதுக்கு “2”ன்னு பேரு வச்சாங்க?

வியாபாரம்தான். இந்தக் கதை எழுதப்பட்டபோதும் படமாக்கப்பட்டபோதும் தலைப்பு ‘த ஹாண்டிங் ஆஃப் ஹாமில்டன் ஹை’. தனிப்படமாகத்தான் எடுத்தார்கள். வெளியிடும் கட்டத்தில், ஏற்கெனவே ஓடிய படத்தின் பெயரை ஒட்டினால் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டுத் தலைப்பை மாற்றினார்கள். அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட்வின் நிறுவனம் 1987 அக்டோபரில் வெளியிட்டது. அங்கே வசூல் சுமார் 27 லட்சம் டாலர், அதாவது முதல் பாகம் அள்ளியதில் ஒரு சிறு பங்கு.

இந்தப் பெயர் மாற்றம் படத்துக்குக் கெடுதல்தான் செய்தது என்பது என் கட்சி. முகமூடிக் கொலைகாரனை எதிர்பார்த்து வந்தவனுக்கு ஏமாற்றம். பேய்ப்படம் தேடுகிறவனோ “இரண்டாம் பாகமா, வேண்டாம்” என்று ஒதுங்கிவிட்டான். வீடியோ கேசட் காலத்தில் தற்செயலாக எடுத்துப் பார்த்தவர்கள்தான் இதைத் தூக்கிவிட்டார்கள்.

கனடாப் படம்னு சொல்றீங்க, பார்த்தா அப்படியே அமெரிக்கா மாதிரி இருக்கே?

எடுத்தது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் எட்மன்டன் நகரத்தில். அமெரிக்கா மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் திட்டமே. கனடாவுக்குள் ஓடி மட்டும் போட்ட காசு திரும்பாது, அமெரிக்கச் சந்தை வேண்டும். எழுபதுகளின் நடுவிலிருந்து, சினிமாவில் போட்ட முதலை முழுக்க வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள அந்நாட்டு அரசு சலுகை கொடுத்தது. பல் டாக்டர்களும் வக்கீல்களும்கூடப் படத்தில் பணம் போட்டார்கள். கனடாவிலிருந்து அத்தனை திகில் படங்கள் வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். முதல் ‘ப்ராம் நைட்’ அந்த அலையில் வந்தது. இரண்டாவது வரும்போது சலுகை குறைந்துவிட்டது, ஆனால் கை பழகிய தொழில்நுட்பக் கலைஞர்களும் அந்தப் பாணியும் அப்படியே இருந்தார்கள்.

இதுல நமக்குத் தெரிஞ்ச மூஞ்சி யாராவது இருக்காங்களா?

மைக்கேல் ஐயன்சைட் இருக்கிறார். ‘ஸ்கேனர்ஸ்’ படத்தில் மனோசக்தியால் ஆட்களின் தலையை வெடிக்கவைக்கும் வில்லன், ‘டாப் கன்’னில் பயிற்சி அதிகாரி, ‘டோட்டல் ரீகால்’-ல் துரத்திக்கொண்டே வரும் அடியாள். இதில் பள்ளி பிரின்சிபால் பில் நார்டமாக வருகிறார். எப்போதும் மிரட்டும் முகம், இங்கே படம் முழுக்க மிரண்டுபோய்த் திரிகிறது. அதைப் பார்க்கவே தனிச் சுவை.

மேரி லூவாக லிசா ஷ்ராகே, விக்கியாக வெண்டி லையன். விக்கியின் காதலனும் பிரின்சிபாலின் மகனுமான கிரெய்காக வருபவர் ஜஸ்டின் லூயிஸ். இவர்தான் பின்னாளில் லூயிஸ் ஃபெரைரா என்ற பெயரில் ‘ஸ்டார்கேட் யூனிவர்ஸ்’ தொடரில் கர்னலாக வந்தவர். பாதிரியார் கூப்பராக நடித்த ரிச்சர்ட் மொனெட்டை மறக்க வேண்டாம். கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவுக்கு 1994 முதல் 2007 வரை கலை இயக்குநராக இருந்தவர், ஷேக்ஸ்பியரோடு வாழ்ந்த மனிதர். பொல்லாத பெண் கெல்லியாக வரும் டெரி ஹாக்ஸ், ‘செய்லர் மூன்’ கார்ட்டூனின் ஆங்கில வடிவத்தில் நாயகிக்குக் குரல் கொடுத்தவர்.

பேய் எப்படி வெளியே வருது? மந்திரவாதி, ஓஜா போர்டு அந்த மாதிரியா?

இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி. விக்கியின் அம்மா பக்தி முற்றியவள், விழாவுக்குப் புது கவுன் வாங்கித் தர மாட்டேன் என்கிறாள். பள்ளி நாடகங்களுக்கான பழைய உடைகள் கிடக்கும் அறையில் ஏதாவது தேறுமா என்று தேடும் விக்கி, அங்கே பூட்டிக் கிடக்கும் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே 1957-ன் ராணிக்காக வைத்திருந்த கிரீடமும், மார்பில் குறுக்காகப் போடும் பட்டையும், மேலங்கியும். அவ்வளவுதான், கதவு திறந்தாயிற்று.

இந்த எளிமை எனக்குப் பிடிக்கும். சாபம், சடங்கு, ஏட்டுச்சுவடி என்று எந்த விளக்கமும் படம் தரவில்லை. கவுன் வாங்கித் தர மறுத்த ஒரு அம்மாவும், ஆசைப்பட்ட ஒரு மகளும் போதுமாக இருக்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பேய்ப்படம் மாதிரி, நியாயம் கேட்டு வர்ற பேயா?

இங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். நமக்குப் பழகிய கதையில் பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கும். அதில் அவள் நல்லவளாக இருப்பாள், கெட்டவர்கள் கொன்றிருப்பார்கள். கடைசியில் நாம் பேய் பக்கம் சேர்ந்துவிடுவோம். இங்கே ஃப்ளாஷ்பேக் முதலிலேயே வந்துவிடுகிறது, அதில் மேரி லூ நல்லவளே இல்லை. படம் தொடங்குவதே அவள் சர்ச்சில் பாவமன்னிப்புக் கேட்கும் காட்சியில்தான். பெற்றோர் பேச்சை மீறியது, பையன்களோடு சுற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ரசித்துத்தான் செய்தேன் என்கிறாள். போகிற போக்கில் அந்தக் கூண்டின் சுவரில் லிப்ஸ்டிக்கால் தன்னை அழைக்கச் சொல்லி எழுதிவிட்டும் போகிறாள். அழைத்து வந்த காதலனை ஜூஸ் எடுத்துவர அனுப்பிவிட்டு, மேடைக்குப் பின்னால் இன்னொருவனோடு ஒதுங்குகிறாள்.

ஆக, அவளுக்கு அநியாயம் நடந்தது உண்மை. அவள் நியாயவாதி இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு, யாருக்காகப் பரிதாபப்படுவது என்று படம் கடைசிவரை சொல்லவே இல்லை.

‘கேரி’ படத்தோட காப்பிதானே இது?

கடன் வாங்கியிருக்கிறார்கள், மறைக்கவும் இல்லை. 1976-ல் பிரையன் டி பால்மா எடுத்த ‘கேரி’யிலும் நடன விழா, முடிசூடும் நொடி, மேலேயிருந்து விழும் ஒன்று, மதவெறி பிடித்த அம்மா, தொடாமலே பொருளை நகர்த்தும் சக்தி எல்லாம் உண்டு. கட்டில், கனவு எது நனவு எது என்ற குழப்பம் 1984-ன் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’டிலிருந்து. உடம்புக்குள் புகுந்த பிறகான அட்டகாசம் ‘எக்ஸார்சிஸ்ட்’டிலிருந்து.

ஆனால் கேரி பாவப்பட்ட பெண். ஒரு நாளாவது மற்றவர்கள் மாதிரி இருக்க ஆசைப்பட்டு, அவமானப்பட்டு வெடிப்பவள். மேரி லூவை யாரும் கேலி செய்யவில்லை. பள்ளியே அவள் காலடியில்தான் கிடந்தது. ‘கேரி’யில் அவமானப்பட்டவளுக்குக் கோபம் வருகிறது. இங்கே அகம்பாவம் பிடித்த ஒருத்தியின் ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது, அதை முடிக்க வந்திருக்கிறாள். சாயல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஓடுவது வேறு.

கரும்பலகை சீன், கரும்பலகை சீன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

தண்டனையாக வகுப்பில் தனியே உட்காரவைக்கப்பட்டிருக்கும் விக்கியின் எதிரே கரும்பலகை. அதன் பரப்பு மெல்ல நெளியத் தொடங்குகிறது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி. அது அவளை உள்ளே இழுத்துவிடுகிறது. சுவரில் செங்குத்தாகத் தொங்கும் பலகைக்குள் அவள் மூழ்குகிறாள், தத்தளிக்கிறாள், கறுப்பு நீருக்குள்ளிருந்து கை மட்டும் வெளியே வந்து துழாவுகிறது. அங்கேதான் விக்கி போய் மேரி லூ வருகிறாள்.

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலம். கேமரா முன்னால் நிஜமாகவே நீரும் ஆளும் இருந்தாக வேண்டும். அதனால்தான் இன்றும் அந்தக் காட்சியில் நீர் கனமாகத் தெரிகிறது, அவள் மூச்சு வாங்குவது நிஜமாக இருக்கிறது. இதற்கு முன்னால் வரும் மாயத்தோற்றங்களும் இதே தரம்தான். விளையாட்டு வகுப்பில் வாலிபால் வலை சிலந்தி வலையாவது ஒன்று. விக்கியின் படுக்கையறையில் சின்ன வயதிலிருந்து கிடக்கும் ஆடும் மரக்குதிரைக்கு உயிர் வருவது இன்னொன்று. அந்தக் குதிரை நாக்கை நீட்டும் விதம் பார்க்கச் சகிக்காது. இயக்குநர் நினைத்ததும் அதுதான்.

பயமா இருக்குமா, சிரிப்பா இருக்குமா?

இரண்டும், சில நேரம் ஒரே காட்சியில். தூக்கம் கெடும் அளவுக்குப் பயமில்லை. ஆனால் அருவருப்பும் அசௌகரியமும் உண்டு. மேரி லூ புகுந்த பிறகு விக்கி ஐம்பதுகளின் உடையில், ஐம்பதுகளின் கொச்சையில் பேசிக்கொண்டு எண்பதுகளின் பள்ளிக்குள் நடந்துவருவது நல்ல நகைச்சுவை. முப்பது வருஷம் பின்தங்கிய பேய். தனக்கு என்ன வயது என்றே அதற்கு உறைக்கவில்லை.

வீட்ல பசங்களோட உட்கார்ந்து பார்க்கலாமா?

கூடாது. அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் பெற்ற படம். குளியலறைக் காட்சியில் நிர்வாணம் நீளமாகவே வருகிறது. ஒரு மாணவியின் சாவை எல்லாரும் தற்கொலை என்று முடிவுகட்டும் இடம் உண்டு. இவற்றைவிட மோசம், மேரி லூ குடியிருக்கும் விக்கி தன் சொந்த அப்பாவிடம் நடந்துகொள்ளும் விதம். அந்த முத்தக் காட்சிக்குப் பெரியவர்களே நெளிவார்கள். என் கருத்தில் அந்தக் காட்சி தேவையில்லாதது. அதிர்ச்சிக்காக மட்டும் போட்டது, கதைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

பாத்திரங்களோட பேரெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே?

திகில் பட இயக்குநர்களின் பெயர்கள்தான் அவை. விக்கி கார்ப்பென்டர் என்றால் ‘ஹாலோவீன்’ எடுத்த ஜான் கார்ப்பென்டர். கெல்லி ஹெனன்லாட்டர் என்றால் ‘பாஸ்கெட் கேஸ்’ எடுத்த ஃபிராங்க் ஹெனன்லாட்டர். ஜெஸ் பிரவுனிங் என்றால் 1931-ல் ‘டிராகுலா’ எடுத்த டாட் பிரவுனிங். ஆசிரியர் கிரேவன் என்றால் ‘எல்ம் ஸ்ட்ரீட்’ எடுத்த வெஸ் கிரேவன். மோனிகா வாட்டர்ஸுக்கு ஜான் வாட்டர்ஸ், அவர் திகில் பட ஆள் இல்லை, ஆனால் கிறுக்குத்தனத்தில் குறைந்தவரும் இல்லை.

எழுத்தாளர் ரான் ஆலிவர் எவ்வளவு பெரிய ரசிகர் என்பதற்கு இதுவே சாட்சி. மனிதர் அப்புறம் ‘கூஸ்பம்ப்ஸ்’ போன்ற சிறுவர் திகில் தொடர்களை இயக்கி, இப்போது கிறிஸ்துமஸ் காதல் படங்களாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

“ஹலோ மேரி லூ” பாட்டு 1957-ல இருந்ததா?

இல்லை. ஜீன் பிட்னி எழுதிய பாட்டு, ரிக்கி நெல்சன் பாடிப் பிரபலமானது 1961-ல். அதாவது நம் மேரி லூ செத்து நாலு வருஷம் கழித்து. பாட்டின் பெயர் தலைப்புக்குக் கச்சிதமாகப் பொருந்தியதால் எடுத்துக்கொண்டார்கள். காலக் கணக்குப் பார்த்தால் அவள் உயிரோடிருக்கும்போது இதைக் கேட்டிருக்கவே முடியாது.

படம் இன்னும் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இனி எல்லாமே கதையின் முடிச்சுகள்.

மேரி லூவைக் கொன்னது யாரு? வேணும்னே கொன்னதா, விபத்தா?

காதலன் பில். அதாவது இன்றைய பிரின்சிபால். ஜூஸ் வாங்கப் போனவன் திரும்பி வந்து, அவள் பட்டி கூப்பரோடு இருப்பதைப் பார்த்துவிடுகிறான். வேறு பையன்கள் விளையாட்டுக்குக் கொண்டுவந்து பயந்து போட்டுவிட்டுப் போன நாற்றக் குண்டு ஒன்று அவன் கண்ணில் படுகிறது. அதைப் பற்றவைத்து, முடிசூட்டு நேரத்தில் மேலேயிருந்து மேடையில் போடுகிறான். நாறடிக்கத்தான் நினைத்தான். ஆனால் திரியின் நெருப்பு கவுனில் பிடித்துவிடுகிறது. எரியும்போது அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், மேலே நிற்பவன் யாரென்று தெரிந்துகொண்டுதான் சாகிறாள்.

கொல்ல நினைக்கவில்லை, ஆனால் கொன்றான். முப்பது வருஷமாக அதை ஒளித்தான். மன்னிக்கவே முடியாதது அந்த ஒளிப்புதான் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்டவன் அதே ஸ்கூலுக்குப் பிரின்சிபாலா? லாஜிக் இடிக்குதே?

எனக்கு இடிக்கவில்லை. படத்தின் சாரமே அங்கேதான் இருக்கிறது. பில்லால் அந்தக் கட்டடத்தை விட்டுப் போக முடியவில்லை. குற்றம் நடந்த இடத்துக்கே காவலாளியாக உட்கார்ந்துவிட்டான். கூடப் போன பட்டி கூப்பர் இன்னொரு வழியில் போய்ப் பாதிரியாரானான். ஒருவன் பள்ளியைப் பிடித்துக்கொண்டான், இன்னொருவன் சர்ச்சை. இரண்டு பேருக்கும் ஊரில் மரியாதை, இரண்டு பேருக்கும் உள்ளே அந்த 1957 ராத்திரி.

அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று முதலில் உணர்வது பாதிரியார். வந்து சொன்னபோது பில் அதை ஏற்க மறுக்கும் காட்சியில் ஐயன்சைட்டின் முகத்தைக் கவனியுங்கள். அவர் நம்பாமல் இல்லை. நம்பினால் எதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்று தெரிந்துதான் மறுக்கிறார்.

கோபம் பில் மேலதானே, சம்பந்தமே இல்லாத பசங்களை ஏன் கொல்றா?

நியாயம் கேட்டு வந்த பேய் இல்லை என்று மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். முதலில் சாகும் ஜெஸ் செய்த தப்பு, கிரீடத்தில் பதித்த கல்லை நோண்டியது மட்டும்தான். அவள் கர்ப்பமாக இருந்ததால் எல்லாரும் தற்கொலை என்று நினைத்துவிடுகிறார்கள். மோனிகா விக்கியின் உயிர்த்தோழி, மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடும் ஆபத்து அவளால் உண்டு. ஒளிந்திருக்கும் லாக்கரோடு சேர்த்து நசுக்கப்படுகிறாள். ஜாஷ் ஓட்டுக் கணக்கைக் கெல்லிக்குச் சாதகமாக மாற்றப் பார்த்தவன், கம்ப்யூட்டரே அவனைக் கொல்கிறது.

பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். இவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் கிரீடத்துக்கும் அவளுக்கும் நடுவில் வந்தவர்கள். பழிவாங்கும் பட்டியலில் பில்லும் கூப்பரும் மட்டும்தான். மற்றவர்கள் வழியில் கிடந்த கல்.

பில் மேடையில சுட்டது விக்கியைத்தானே? அவ எப்படிக் கடைசியில உயிரோட வர்றா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். நடப்பது இது: விக்கி பெயர் ராணியாக அறிவிக்கப்பட்டு, கிரீடம் சூடப்போகும் நேரத்தில் பில் சுடுகிறான். விக்கி விழுகிறாள். அந்த உடம்பைக் கிழித்துக்கொண்டு கருகிய மேரி லூ எழுந்து, பழைய அழகுக்குத் திரும்புகிறாள். கூடமே சின்னாபின்னமாகிறது. கிரெய்கைத் துரத்திக்கொண்டு உடை அறைக்குப் போகிறாள், அங்கே அந்த டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. பில் வந்து கிரீடத்தை அவள் தலையில் வைத்து முத்தமிட்டதும் அவள் அடங்கி மறைகிறாள். பெட்டியைத் திறந்தால் உள்ளே விக்கி, முழுசாக.

படம் விளக்கம் தரவில்லை. நான் புரிந்துகொண்டது இப்படி: கரும்பலகைக்குள் மூழ்கியபோதே நிஜ விக்கி அந்தப் பெட்டிக்குள் போய்விட்டாள், மேரி லூ முப்பது வருஷம் இருந்த இடத்துக்கு. ஒருத்தி வெளியே இருந்தால் இன்னொருத்தி உள்ளே. அதன்பின் நாம் பார்த்தது விக்கியின் உருவம் மட்டும். கிழிந்ததும் அதுதான். இதை ஏற்காதவர்கள் ‘எழுத்தாளர் சமாளித்துவிட்டார்’ என்பார்கள். அதையும் மறுக்க முடியாது.

கிரீடம் வச்சதும் அடங்கிட்டாளே, அப்போ கார்ல என்ன நடந்துச்சு?

அடங்கியது மாதிரி காட்டினாள். பில் மகனையும் விக்கியையும் ஏற்றிக்கொண்டு காரை எடுக்கும்போது ரேடியோவில் ‘ஹலோ மேரி லூ’ பாட்டு. ஓட்டுவது பில்லின் உடம்பு, உள்ளே இருப்பது அவள். இளசுகள் இருவரும் பின்னால் மாட்டிக்கொண்டார்கள், படம் முடிந்தது.

கேட்டதைக் கொடுத்தால் பேய் போய்விடும் என்பது நம் கணக்கு. அவளுக்குக் கிரீடம் கிடைத்துவிட்டது, போதவில்லை. முதல் காட்சியில் பாவமன்னிப்பு வாங்கப் போய் எதையும் விடாமல் வந்தவள்தானே, முத்தத்தோடு விட்டுவிடுவாள் என்று பில் நம்பியதுதான் வேடிக்கை.

அடுத்த பாகங்கள் இருக்காமே, அதையும் பார்க்கணுமா?

மேரி லூ பிடித்திருந்தால் மூன்றாவதைப் பாருங்கள். 1990-ல் வந்த ‘த லாஸ்ட் கிஸ்’, ரான் ஆலிவரும் பீட்டர் சிம்ப்சனும் சேர்ந்து இயக்கியது. நரகத்தில் காலில் சங்கிலியோடு கிடக்கும் மேரி லூ, நகம் தேய்க்கும் அரத்தால் சங்கிலியை அறுத்துக்கொண்டு தப்பி வருகிறாள். இந்த ஒரு வரியிலேயே தொனி தெரிந்திருக்கும். முழு நகைச்சுவை. மேரி லூவாக இதில் கோர்ட்னி டெய்லர். பில்லும் விக்கியும் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

1992-ன் நான்காவது பாகத்தில் மேரி லூவே இல்லை, பைத்தியம் பிடித்த ஒரு பாதிரியார்தான் கொலைகாரர். ஆனாலும் அது தொடங்குவது 1957-ல், ஹாமில்டன் பள்ளியின் நடன விழா இரவில். 2008-ல் முதல் பாகத்தின் பெயரில் ஒரு மறுஆக்கமும் வந்தது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான்கு பழைய படங்களையும் வரிசையாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு விளையாட்டு: பிராக் சிம்ப்சன் என்ற நடிகர் நான்கிலும் வெவ்வேறு வேஷத்தில் வருகிறார். இரண்டாவதில் அவர்தான் கம்ப்யூட்டரிடம் மாட்டும் ஜாஷ். மற்ற மூன்றிலும் நீங்களே கண்டுபிடியுங்கள்.